வாசகர் கேள்வி பதில்: பயாஸ் புதுப்பிக்க ஒரு பூட் ஃபிளாப்பி

கேள்வி: என் பழைய பென்டியம் 4 கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது. புதிதாகப் பொருத்திய 160 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை அது 137 ஜிபி என்றே காட்டுகிறது. பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், அதற்கு பூட் ஆகும் ஃபிளாப்பி தேவை என்கிறார் கடைக்காரர். அதை எப்படித் தயாரிப்பது?

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். பயாஸ் என்பது கணினியை ஆன் செய்ததும் முதலில் இயங்கும், மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள். பழைய பயாஸ், ஹார்ட் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும் (தகவல் பதியும் சிறு பகுதி) 28 பிட் எண்ணைக் கொண்டே அடையாளம் காண்கிறது. செக்டாருக்கு 512 பைட் என்று கணக்கிட்டால் அந்த எண்கள் 137 ஜிபியோடு தீர்ந்துவிடுகின்றன. 48 பிட் முறையை அறிந்த பயாஸுடன், குறைந்தது சர்வீஸ் பேக் 1 நிறுவப்பட்ட எக்ஸ்பியும் வேண்டும். அது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபிளாப்பியை எக்ஸ்பியில் முழுமையாக ஃபார்மட் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் செக்டிஸ்க் கட்டளை கொடுத்துப் பாருங்கள். மோசமான செக்டார்கள் இருப்பதாக ஒரே ஒரு வரி வந்தாலும் அந்த ஃபிளாப்பியை ஒதுக்கிவிடுங்கள். பாட்டுக் கோப்பு கெட்டால் மறுபடி காப்பி செய்துகொள்ளலாம், பயாஸ் கோப்பு கெட்டால் கணினியே எழாது. பிறகு மை கம்ப்யூட்டரில் ஏ டிரைவின் மீது வலது கிளிக் செய்து, ஃபார்மட் கட்டத்தில் எம்எஸ்-டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளைகளால் இயங்கும் இயங்குதளம்) ஸ்டார்ட்அப் டிஸ்க் உருவாக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 98 கணினி கைவசம் இருந்தால் 'ஃபார்மட் ஏ: /எஸ்' என்ற கட்டளையே போதும், எக்ஸ்பி அந்த /எஸ்ஸை ஏற்பதில்லை. ஆனால் விண்டோஸ் 98-இன் கன்ட்ரோல் பேனல் வழியாக உருவாக்கும் ஸ்டார்ட்அப் டிஸ்க்கைப் பயன்படுத்தாதீர்கள். அது சிடி டிரைவர்களை ஏற்றி, நினைவகத்தில் ஒரு தற்காலிக டிரைவையும் அமைத்துக்கொள்கிறது. பயாஸ் எழுதும் புரோகிராமுக்கு வேண்டியது எதுவும் ஏற்றப்படாத வெறும் டாஸ்.

இந்த வேலையில் பெரும்பாலான விபத்துகள் ஃபிளாப்பியால் வருவதில்லை, பொருந்தாத பயாஸ் கோப்பால்தான் வருகின்றன. கணினியை ஆன் செய்ததும் பாஸ் விசையை அழுத்தி நிறுத்தி, திரையின் அடிவரியில் தெரியும் தேதியையும் நீண்ட குறியீட்டையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். மாடல் ஒன்றாக இருந்தும் ரிவிஷன் வேறு என்றால் பயாஸும் வேறாக இருக்கக்கூடும். அந்த போர்டைத் தயாரித்த நிறுவனம் தரும் கோப்பையும், அதனுடன் வரும், பயாஸை எழுதும் ஃபிளாஷ் புரோகிராமையும் ஃபிளாப்பியில் காப்பி செய்யுங்கள். டாஸ் நீண்ட பெயர்களைக் காட்டாது என்பதால், கோப்பின் பெயரை எட்டு எழுத்துக்குள் சுருக்கிவிடுங்கள். பழைய பயாஸையும் சேமிக்க இடம் வேண்டும் என்பதால் வேறு எதையும் அதில் வைக்காதீர்கள்.

பயாஸ் செட்டப்பில் உள்ள இப்போதைய அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டு, முதல் பூட் சாதனமாக ஃபிளாப்பியை அமைத்து, யுபிஎஸ் இணைப்புடன் தொடங்குங்கள். அவார்ட் நிறுவனத்தின் பயாஸ் என்றால் ஏ பிராம்ப்ட்டில் ஃபிளாஷ் புரோகிராமின் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுக்க வேண்டும். பழைய பயாஸைச் சேமிக்கவா என்று கேட்கும்போது தவறாமல் 'ஒய்' அழுத்துங்கள். எழுத முடியாது என்று செய்தி வந்தால், போர்டில் உள்ள ஜம்பரோ (பின்களை இணைக்கும் சிறு மூடி) செட்டப்பில் உள்ள பாதுகாப்பு வாய்ப்போ பூட்டுப் போலத் தடுக்கிறது, அதை விலக்கிவிட்டுத் தொடருங்கள். பயாஸையே அழிக்கக்கூடிய சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கணினிகளை முடக்கியதை நினைத்தால் அந்தப் பூட்டின் அவசியம் புரியும். வேலை முடிந்ததும் அதை மறுபடி பூட்டிவிடுங்கள்.

கேள்வி: ஃபிளாப்பி டிரைவே இல்லையென்றால்?

பதில்: அதே ஃபிளாப்பியின் இமேஜைக் (அப்படியே எடுத்த நகல் கோப்பு) கொண்டு பூட் ஆகும் சிடி எழுதலாம், கணினி அதை ஏ டிரைவாகவே கருதும். ஆனால் சிடியில் பழைய பயாஸைச் சேமிக்க முடியாது. ஆகவே சில நூறு ரூபாய் செலவானாலும் பழைய ஃபிளாப்பி டிரைவ் ஒன்றைத் தேடிப் பொருத்துவதே நல்லது.

கேள்வி: எழுதும்போது பிழை வந்தால் என்ன செய்வது?

பதில்: கணினியை அணைக்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. ஃபிளாஷ் புரோகிராம் இன்னும் நினைவகத்தில் இயங்கிக்கொண்டிருப்பதால், சேமித்து வைத்த பழைய பயாஸ் கோப்பை அதைக்கொண்டே உடனே திரும்ப எழுதுங்கள்.