கைக்குழந்தையோடு கப்பலில் போக எந்த அறை?

கேள்வி: அண்ணா குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. எல்லோரும் சேர்ந்து சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் 4 இரவுக் கப்பல் பயணம் போகலாம் என்கிறார். எங்கள் பக்கம் நான், கணவர், அம்மா, 9 மாதப் பிள்ளை. ஒரு பல்கனி அறையே போதும் என்கிறார் ஏஜென்சிக்காரர். கொஞ்சம் காசு கூடப் போட்டால் யன்னல் இல்லாத இரண்டு அறை எடுக்கலாமாம். எது நல்லது?
– வாசகி, கொக்குவில்

பதில்: இரண்டு அறையாகவே எடுங்கள், தங்கச்சி. ஆனால் காசு கட்டுவதற்கு முதல், இரண்டுக்கும் நடுவில் உள்கதவு இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து அறை வேறு, உள்கதவால் இணைந்த அறை வேறு. உள்கதவு இல்லையென்றால் இரவு 2 மணிக்குப் பிள்ளை அழ, அதைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நின்று அம்மாவின் கதவைத் தட்டவேண்டி வரும்.

பல்கனி ஆசை விளங்குகிறது. ஆனாலும் பிள்ளை ஏழரைக்கு நித்திரையானதும் அந்த ஒற்றை அறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லைட்டை அணைக்கவேண்டும், கதைக்க முடியாது, மூன்று பெரியவர்களும் இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். கப்பல் அறைகள் சின்னவை. யன்னல் இல்லாதது பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடிக்குள் வரும், பல்கனி அறையின் உட்பக்கமும் அதைவிட அதிகம் பெரிதாக இருக்காது. அதில் தொட்டிலையும் விரித்தால் நிலத்தில் கால் வைக்க இடமில்லை. மூன்றாவது, நாலாவது கட்டில்கள் பல கப்பல்களில் கூரையிலிருந்து இறங்கும், ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். அம்மாவை அதில் ஏற்ற முடியுமா? சோபாவை விரித்துப் படுக்கவைத்தாலும், இரவில் பாத்ரூமுக்கு எழும்பினால் தொட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பிள்ளையை மடியில் வைத்திருப்போம், கணக்கில் சேர்க்காதீர்கள் என்பதும் கப்பலில் எடுபடாது. உயிர்காப்புப் படகில் ஒவ்வொருவருக்கும் இடம் வேண்டும் என்பதால் கைக்குழந்தையும் ஒரு ஆளாகவே கணக்கு, அதனால் அந்த ஒரு அறை 4 பேருக்கு அனுமதியுள்ளதாக இருக்கவேண்டும். வயதும் பார்ப்பார்கள். பெரும்பாலான கம்பனிகள் 6 மாதம் நிறைந்த பிள்ளையை ஏற்றும், நாள்கணக்காகக் கரை தொடாத நீண்ட பயணமென்றால் 12 மாதம் கேட்கும். உங்கள் பிள்ளைக்கு அதில் பிரச்சினை வராது.

யன்னல் இல்லாத அறையில் ஒரு நன்மையும் உண்டு. கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் கும்மிருட்டு, மத்தியான நித்திரைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. விடிந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது, அதனால் சின்ன இரவு லைட் ஒன்று கொண்டுபோங்கள்.

அடுத்தது இடம். இதைத்தான் நான் பல்கனியைவிட முக்கியமாக நினைக்கிறேன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பாருங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு, அம்மாவுக்குத் தலைசுற்று, சத்தி வருமென்றால் இன்னும் நல்லது. தள வரைபடம் கம்பனியின் இணையத்தளத்திலேயே இருக்கும். அதைத் திறந்து, உங்கள் அறைக்கு மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் அறைகளே இருந்தால் நிம்மதி. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், விடியமுதலே கதிரைகளை இழுத்து அடுக்குவார்கள், அந்தக் கறகற சத்தம் கூரைக்குள்ளால் அப்படியே இறங்கும். கீழே நாடக அரங்கோ டிஸ்கோவோ இருந்தாலும் வேண்டாம். 'அறை இலக்கத்தைக் கம்பனி பிறகு தரும், விலை மலிவு' என்று ஒன்று சொல்வார்கள், பிள்ளையோடு போகிறவர்கள் அதன் பக்கமே போகக்கூடாது.

தொட்டிலைப் பதிவுசெய்யும்போதே கேட்டு வையுங்கள், எண்ணிக்கை மட்டுமட்டாகத்தான் வைத்திருப்பார்கள். பிள்ளை ஏணையில் ஆடித்தான் தூங்கும் என்றால் இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிலுக்குப் பழக்குங்கள், கப்பலில் ஏணை கட்டக் கூரை வளை இல்லை. கேத்தல் கொண்டுபோக வேண்டாம், தீ ஆபத்து என்று பல கப்பல்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று இருந்தால் உணவுக்கூடத்தில் சுடுதண்ணீர் பிடித்துவந்து பால்மா கரைக்கலாம். பம்பர்ஸ் கட்டிய பிள்ளையைப் பொதுக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீந்துவதற்கென்று விற்கும் பம்பர்ஸ் போட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

கேள்வி: 2023 இல் காங்கேசன்துறைக்கு வந்த எம்பிரஸ் கப்பலைப் பார்த்ததிலிருந்து மனைவிக்குக் கப்பல் பயண ஆசை. நாங்கள் இரண்டு பேரும் 11 மாத மகனும்தான். அவன் தவழ்ந்து, பிடித்து எழும்புகிறான். பல்கனி ஆபத்தா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: தம்பி, உங்களுக்கு நான் பல்கனியைத்தான் சொல்வேன். மகன் தூங்கியதும் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் வெளியே இருந்து மனம்விட்டுக் கதைக்கலாம், உங்களுக்கு அதுதான் இரண்டாவது அறை. எம்பிரஸ் 1990 இல் கட்டிய கப்பல், பல்கனி அறைகள் குறைவு, அதில் போவதென்றால் முந்திப் பதிய வேண்டும்.

ஆபத்து கவனக்குறைவில்தான் இருக்கிறது. மகன் முழித்திருக்கும்போது பல்கனிக் கதவு எப்போதும் பூட்டில் இருக்கட்டும், வெளியே விட்டால் ஒருவர் கை அவன்மேல் இருக்கவேண்டும். கதிரை, மேசையைக் கைபிடிக் கம்பிக்குக் கிட்ட வைக்காதீர்கள், பிடித்து எழும்புகிறவன் ஏறவும் பார்ப்பான். இன்னொன்று, பல்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக்கதவையும் திறந்தால் காற்று இழுத்து ஏதாவது ஒன்றைப் படாரென்று அடிக்கும். சின்ன விரல்கள் நசுங்குவது அப்படித்தான், ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறங்கள்.