குளத்துப் படியில் தொடங்கலாம்: பிளஸ் டூ புவியியல் கேள்வி பதில்

23 ஆண்டுகளாகத் திருவாரூர்ப் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புவியியல் எடுத்து வருகிறேன். டெல்டாவின் பல ஊர்களிலிருந்து மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், சம உயரக் கோடு மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். மலையையே பார்க்காமல் மலையை எப்படி வரைவது? (மன்னார்குடி, பிளஸ் ஒன் மாணவி)

மலை வேண்டாம் அம்மா. உன் ஊரில் ஹரித்ராநதி இருக்கிறதே, அது போதும். ஒரு சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில் போய் உட்கார். தண்ணீர் ஏதோ ஒரு படியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் தண்ணீர் விளிம்பைப் பிடித்துக்கொண்டே குளத்தைச் சுற்றி வந்தால், நான்கு கரையிலும் ஒரே உயரம்தான். அந்த விளிம்புதான் சம உயரக் கோடு. வெயில் காலத்தில் தண்ணீர் ஒரு படி இறங்கினால் அடுத்த கோடு. இரண்டு படிக்கும் நடுவில் உள்ள உயரம்தான் புத்தகம் சொல்லும் கோட்டு இடைவெளி.

இப்போது மேலிருந்து ஒரு காக்கை பார்ப்பதாக நினைத்துக்கொள். படிகள் குறுகலாக, செங்குத்தாக இறங்கும் இடத்தில் கோடுகள் நெருங்கித் தெரியும். ஊருக்கு வெளியே மண்கரைக் குட்டை இருக்கும், அதையும் பார். அது வற்றும்போது சேற்றில் வளையம் வளையமாகத் தடம் விழும். கரை மெல்லச் சரிவதால் அந்த வளையங்கள் அகலம் அகலமாக விலகி இருக்கும். நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. இதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

கோடுகள் ஏன் ஒன்றையொன்று வெட்டாது என்று தேர்வில் கேட்பார்கள். ஒரே இடம் இரண்டு உயரத்தில் இருக்க முடியாது, அவ்வளவுதான். குளத்துக்குப் படி இல்லாமல் நேர்ச்சுவர் இருந்தால் கோடுகளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழும். செங்குத்துப் பாறையை நிலவரைபடத்தில் அப்படித்தான் காண்பாய். குளம் பள்ளம் என்பதால் உள்ளே போகப் போக எண் குறையும், குன்றுக்கு உள்ளே போகப் போக எண் கூடும். இதில் மட்டும் கவனம். நிறையப் பேர் எண்களைப் பார்க்காமலே வளையத்தைக் கண்டதும் ‘குன்று’ என்று எழுதிவிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். மகள் புவியியல் உள்ள கலைப் பிரிவுதான் வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ‘அதைப் படித்து என்ன வேலை’ என்கிறார்கள். (பாபநாசம், ஒரு தந்தை)

ஐயா, உங்கள் கவலை நியாயமானது, அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். புவியியல் பட்டம் மட்டும் கையில் இருந்தால் வேலை தேடி வராது. அதோடு தொலையுணர்வும் (செயற்கைக்கோள் படத்திலிருந்து நிலத்தை அறிவது) ஜிஐஎஸ்ஸும் (இடத் தகவலைக் கணினியில் வரைபடமாக ஆராய்வது) தெரிந்த பிள்ளைக்குக் கதவுகள் உண்டு. நில அளவை, நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, நீர்வளம், பயிர்க் காப்பீடு என்று செயற்கைக்கோள் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கேட்கிற இடங்கள் பல. டேராடூனில் இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் உங்கள் வயலையே படமாகப் பார்க்கலாம். பிளஸ் டூவிலேயே மகள் அதைத் திறந்து பழகட்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் புவியியல் துறைகள் இருக்கின்றன. குடிமைப் பணித் தேர்வில் புவியியல் விருப்பப் பாடமும்கூட. ஒன்று மட்டும் செய்யுங்கள்: எந்தப் பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தப் பாடங்கள் இருக்க வேண்டும் என்று இப்போதே கல்லூரியில் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்காமல் பிரிவைத் தேர்ந்தெடுத்து, பிறகு தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவள் தானாகவே வேண்டும் என்கிறாள் என்றால், என் ஓட்டு அவள் பக்கம்தான்.

துணையாறு, கிளையாறு இரண்டும் ஒன்றுதானே? மதிப்பெண் போய்விட்டது. (சீர்காழி, பிளஸ் டூ மாணவர்)

இல்லை தம்பி. வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு. ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் காவிரியில் வந்து சேர்கின்றன. குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் எல்லாம் காவிரியிலிருந்து பிரிந்து போகின்றன. திருச்சிக்கு மேற்கே ஆறு வாங்குகிறது, கிழக்கே கொடுக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்.

ஏன் பிரிகிறது என்பதுதான் ருசியான பகுதி. சமவெளிக்கு வந்ததும் சரிவு குறைகிறது, வேகம் குறைகிறது. சுமந்துவந்த மணலையும் வண்டலையும் ஆறு கீழே போடுகிறது. படுகை மேடாகிறது, ஆறு வேறு வழி தேடுகிறது. இப்படிப் பிரிந்து பிரிந்து விசிறி மாதிரி விரிந்த நிலம்தான் டெல்டா. ஆற்றின் ஓரமே மேடாகிவிடுவதால் பல இடங்களில் ஆறு உயரத்திலும் வயல் தாழ்விலும் இருக்கும். மதகைத் திறந்தால் எந்த இயந்திரமும் இல்லாமல் தண்ணீர் வாய்க்காலில் இறங்குவது அதனால்தான்.

முக்கொம்பின் கதையையும் சேர்த்து எழுது. அங்கே காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, காவிரி மணல் மேடிட்டுப்போனது. அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் தலைமையில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கினார்கள். அதற்குக் கீழே கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, புதாறு என்று தண்ணீர் பங்கு போடப்படுகிறது, மிஞ்சுவது கொள்ளிடத்துக்கு. பெயர்ப் பட்டியலோடு நிற்கும் விடையைவிட இந்தக் காரணத்தைச் சொல்லும் விடைக்கு மதிப்பு அதிகம்.

மேட்டூரை ஜூன் மாதம் திறக்கிறார்கள். அப்போது இங்கே மழையே இல்லையே, தண்ணீர் எப்படி வருகிறது? (நீடாமங்கலம், பிளஸ் ஒன்)

அது குடகில் பெய்யும் மழை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. நாம் மழை மறைவில் இருக்கிறோம். அங்கே பெய்தது ஆற்றில் வந்து நம் குறுவையை வளர்க்கிறது. வழக்கப்படி அணை திறக்கும் நாள் ஜூன் 12. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடல் ஈரத்தோடு வரும்போதுதான் நமக்கு நம்முடைய மழை. சம்பாவும் தாளடியும் அதைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. உன் தாத்தாவிடம் கேள், எந்தப் பருவத்துக்கு எந்தத் தண்ணீர் என்று அவர் புத்தகத்தைவிடத் தெளிவாகச் சொல்வார்.

வரைபடத்தில் 1:10,000 பெரிய அளவையா, 1:50,000 பெரிய அளவையா? ஒவ்வொரு தடவையும் மாற்றி எழுதுகிறேன். (கும்பகோணம்)

ஓர் அதிரசத்தை 10 பேருக்குப் பிரித்தால் துண்டு பெரிதா, 50 பேருக்குப் பிரித்தால் பெரிதா? 1:10,000தான் பெரிய அளவை. சின்ன இடத்தை விவரமாகக் காட்டும். உங்கள் வயலின் புல வரைபடம் அந்த வகை. 1:50,000 தாளில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. இந்திய நில அளவைத் துறையின் பழைய எண் முறையில் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் எல்லாம் ‘58 என்’ தாளில் வரும். அதைத் தேடி எடுத்துப் படித்துப் பழகு.

எந்த நிலவரைபட ஏடு வாங்கலாம்? (திருவையாறு)

புதிய பதிப்பாக எது கிடைத்தாலும் சரி. புது மாவட்டங்கள் அதில் இருக்க வேண்டும். மயிலாடுதுறை தனி மாவட்டமாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்கு.

புயல் பற்றிய கேள்விக்கு எங்கள் ஊர் அனுபவத்தை எழுதலாமா? அது கட்டுரை மாதிரி ஆகிவிடும் என்கிறான் நண்பன். (வேதாரண்யம், பிளஸ் டூ மாணவர்)

தாராளமாக எழுது, ஆனால் காரணத்தோடு எழுது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் உங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. ‘எங்கள் தென்னைகள் விழுந்தன’ என்று நிறுத்திவிட்டால் அது அனுபவம் மட்டும். தென்னையின் வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் பரவுவது, பலத்த காற்று, ஈரமான மண் இவற்றைச் சேர்த்துச் சொன்னால் அது புவியியல்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைக் கட்டாயம் சேர். அந்த மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சு வேரை நீட்டிக்கொண்டு நிற்கும், காரணம் உவர்ச் சேற்றில் காற்றே கிடையாது. இலை வழியாக உப்பைக் கழிக்கும். அலையின் வேகத்தைத் தணிக்கும். அந்தக் காடும் கஜாவில் அடிவாங்கியது, அதையும் மறைக்காமல் எழுது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்ததும் ஓர் அலையாத்தி மரம்தான். பிச்சாவரத்தில் இன்னும் பார்க்கலாம்.

களப்பயிற்சிக்கு எங்கே போகலாம்? பள்ளியில் பேருந்து ஏற்பாடு இல்லை. (திருவாரூர், நான்கு மாணவிகள்)

நீங்கள் நால்வரும் வீட்டில் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கிளம்புங்கள். விடியற்காலையில் முக்கொம்பு, அப்புறம் கல்லணை, மதியத்துக்கு மேல் பூம்புகார். ரயிலில் போகும் இடத்தில் நிலையப் பெயர்ப்பலகையைப் பாருங்கள், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கீழே எழுதியிருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றையும் குறித்துக்கொண்டு, உயர வித்தியாசத்தை இடையில் உள்ள தூரத்தால் வகுத்தால் டெல்டாவின் சரிவு உங்கள் கணக்கிலேயே வந்துவிடும். ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயர், தண்ணீர் உண்டா, மணல் பருமனா நைசா என்று மூன்றே வரி எழுதுங்கள்.

பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்துக்கு நடந்து போய், அகலத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். காலையில் முக்கொம்பில் பார்த்த அகலத்தை அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கடலுக்குப் போகப் போக ஆறு ஏன் சிறுத்தது என்று உங்கள் நால்வரில் ஒருத்தி கேட்பாள். பதில் மற்ற மூவரின் பாலக் குறிப்புகளில் இருக்கும்.