பாதி வழியில் ஏறிக்கொண்டால்

அன்புள்ள அண்ணாச்சி,

போன வருஷம் என் வீட்டுக்காரர் டெங்குவில் படுத்திருந்தப்போ, "தைப்பூசத்துக்குக் குடும்பத்தோட செந்தூருக்கு நடந்து வாறோம்"னு எங்க அத்தை நேர்ந்துகிட்டாங்க. அத்தைக்கு 66 வயசு, மூட்டுவலி உண்டு. பையனுக்கு 9. "நடந்தா திருநெல்வேலியில இருந்து முழுசா நடக்கணும், இல்லன்னா பஸ்ல போயிருவோம்" என்கிறார் இவர். பாதி நடந்தால் நேர்ச்சை கழியுமா? பையனுக்குச் செருப்பா, ஷூவா?

மகாராஜநகர் வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் அத்தை "நடந்து வாறோம்" என்றுதான் நேர்ந்திருக்கிறார். எங்கிருந்து என்று சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. நல்லதாப் போச்சு.

முழு வழி சுமார் 60 கிலோமீட்டர். பச்சை வேட்டி கட்டிக்கொண்டு வேலோடு போகும் இளவட்டங்களுக்கு அது ஒன்றுமில்லை. குடும்பம் அப்படி நடக்காது. நான் நடத்திப் பார்த்தவன்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. விடியுமுன் பாளையங்கோட்டையைத் தாண்டிவிட்டோம். கிருஷ்ணாபுரம் கோயிலில், அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் சிலை முன்னால் அவள் நின்றுவிட்டாள். "வெயில் ஏறுது, வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். செய்துங்கநல்லூர் வரை பேசினாள். கருங்குளத்தில் பேச்சு நின்றது. புதுக்குடி வரும்போது குதிகாலை ஊன்றாமல் விரலில் நடந்துகொண்டிருந்தாள். அதை என் மனைவி சொல்லித்தான் பார்த்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தோம். குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. அந்த வீட்டு ஆச்சி போணியில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து, காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிள்ளைக் காலைப் புண்ணாக்கிட்டு எந்தச் சாமியப் பாக்கப் போறியரு?" என்றார். பக்கத்திலேயே ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம். மிச்ச தூரம் ரயிலில் போனோம்.

(2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் அதே நிலையத்தில் சிக்கி நின்றபோது, பயணிகளுக்குச் சமைத்துப் போட்டவர்கள் புதுக்குடிக்காரர்கள்தான். செய்தியைப் படித்தபோது அந்த ஆச்சியின் போணிதான் நினைவுக்கு வந்தது.)

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, ஆழ்வார்திருநகரியில் தொடங்குங்கள். காலை ரயிலில் அங்கே இறங்கி, இரவிலும் இலை மூடாது என்று சொல்லப்படும் உறங்காப்புளியைப் பையனுக்குக் காட்டுங்கள். அவன் எவ்வளவு நேரம் நின்றாலும் இழுக்காதீர்கள். முதல் ஞாயிறு தென்திருப்பேரை வரை. அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து குரும்பூர். வாழைத்தோட்டமும் வயலுமாக இருக்கும் இந்த வழியில் தை மாதக் காலையில் வெயில் அவ்வளவாக உறைக்காது. முன்னால் அத்தை நடக்கட்டும். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். அவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்காருங்கள்.

பூசத்துக்கு முந்தின நாள் குரும்பூரிலிருந்து கடைசி நடை, சுமார் 15 கிலோமீட்டர். போகப்போக வயல் பின்தங்கி, பனையும் செம்மணலுமாக மாறும். பனங்கிழங்கு சீசன், அவித்துக் கட்டி விற்பார்கள். அன்று சாலை முழுக்க அரோகராதான், மோரும் சுக்குக்காப்பியும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இருட்டில் நடந்தால் எல்லோர் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னாலேயே கார் மட்டும் வரவேண்டாம். கார் கண்ணில் பட்டால் பத்து வயதுக்குக் கீழும் அறுபதுக்கு மேலும் கால் தானாக வலிக்கும். நிஜமாகவே முடியாவிட்டால் கையைக் காட்டினால் பஸ் நிற்கும். அத்தை மட்டும் ஏறிப் போய்க் கோயில் வாசலில் காத்திருந்தாலும் நேர்ச்சைக்குப் பழுதில்லை என்பது என் கட்சி. சாஸ்திரம் பார்ப்பவர்கள் வேறு சொல்லலாம்.

முழுசும் நடக்கணும் என்கிறாரே உங்கள் வீட்டுக்காரர், அவரைத் தடுக்காதீர்கள். நேர்ச்சையே அவருக்காகத்தானே. ரெண்டு நாள் முன்னதாக, சேர்த்துக்கொள்ளும் ஒரு குழுவோடு நெல்லையிலிருந்து புறப்படட்டும். குரும்பூரில் நீங்கள் அவரைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குள் அவரும் அத்தை நடைக்கு வந்திருப்பார்.

பையனுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் பழகிய ஷூ. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். என் மகள் அன்று போட்டிருந்தது, யாத்திரைக்கென்று நான் ஆசையாக வாங்கிக்கொடுத்த புதுச் செருப்பு.