எட்டு வாட் எந்த மூலைக்கு?

வால்வு ஆம்ப்: வாசகர் கேள்வி பதில்

குறைந்த வாட் சிங்கிள் எண்டட் (சேனலின் முழு வேலையையும் ஒரே அவுட்புட் வால்வு பார்க்கும்) வால்வு ஆம்ப்கள், அவற்றுக்குத் தோதான ஸ்பீக்கர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: 300பி வால்வு போட்ட ஆம்ப் வாங்க ஆசை. சேனலுக்கு 8 வாட்தான் என்கிறார்கள். என் ஸ்பீக்கர் 86 டெசிபல், இப்போதைய டிரான்சிஸ்டர் ஆம்ப் 100 வாட். எட்டு வாட் எந்த மூலைக்கு?

உங்கள் ஸ்பீக்கருக்கு எந்த மூலைக்கும் போதாது. குற்றம் ஆம்ப் மேல் இல்லை, ஜோடி சரியில்லை.

86 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் கிடைக்கும் சத்தம். வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 10 கூடும். 8 வாட்டுக்கு 9 டெசிபல் சேர்த்தால் 95. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சுவர்கள் திருப்பித் தருவது போக, ஐந்தாறு டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து 3 டெசிபலைத் திருப்பித் தரும். ஆக 92 சொச்சம். அதுவும் உச்சத்தில் மட்டும். டிரம் அடியின் உச்சம் பாட்டின் சராசரியை விட 15 டெசிபல் எம்பி நிற்கும். அப்படியென்றால் சராசரி 77-இல் முடிந்துவிடும். மெல்லக் கேட்பவருக்குச் சரி. கொஞ்சம் ஏற்றினாலும் ஆம்ப் உச்சங்களை மழுக்கத் தொடங்கும்.

அதே 8 வாட்டை 98 டெசிபல் ஸ்பீக்கரில் கொடுங்கள். 12 டெசிபல் வித்தியாசம், வாட்டில் 16 மடங்கு. 86 டெசிபல் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வர 128 வாட் வேண்டும். கையிலிருக்கும் உங்கள் 100 வாட்டே அங்கே தோற்கும்.

அதனால் முதலில் ஸ்பீக்கர், பிறகுதான் வால்வு. நடுத்தர அறைக்கு எங்கள் கைக்கணக்கு இது: 300பி (8 வாட்) என்றால் ஸ்பீக்கர் 94-க்கு மேல், 2ஏ3 (3.5 வாட்) என்றால் 97-க்கு மேல், 45 வால்வு (2 வாட்டுக்குள்) என்றால் 100-ஐத் தொட வேண்டும்.

ஸ்பீக்கர் விவரத்தாளில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. '2.83 வோல்ட்டில் 93 டெசிபல்' என்று போட்டிருப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓமுக்கு அதுவே 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கரானால் அந்த எண்ணில் 3-ஐக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: 300பி ஆம்ப், 98 டெசிபல் மூன்று வழி ஸ்பீக்கர். சத்தம் தாராளம். ஆனால் பாஸ் கொழகொழவென்று இருக்கிறது, குரல் மட்டும் முன்னால் துருத்துகிறது. இதே ஸ்பீக்கர் டிரான்சிஸ்டரில் ஒழுங்காக ஒலித்ததே?

டெசிபலை மட்டும் பார்த்து வாங்கியதால் வந்தது. இம்பிடன்ஸையும் (ஏசி சிக்னலுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, ஓமில்) பார்த்திருக்க வேண்டும்.

300பி-யின் உள் ரெசிஸ்டன்ஸ் 700 ஓம். 3000-க்கு 8 ஓம் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் அதை 375-ஆல் வகுத்துத் தருகிறது: 1.87 ஓம். சுற்றுக் கம்பியின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்தால் ஏறத்தாழ 2.4 ஓம். நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை உள்ளீட்டில் எதிராகத் திருப்பிச் சேர்ப்பது) இல்லாத ஆம்பில் இதைக் குறைக்க வேறு ஆளில்லை. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பில் இது ஓமில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் '8 ஓம்' வெறும் பெயர்ச்சீட்டு. ஓரிடத்தில் 4 ஓம் வரை இறங்கும். பாஸ் தரும் வூஃபரின் ரெசொனன்ஸில், அதாவது அது இயல்பாக அதிரும் அதிர்வெண்ணில், 30 ஓம் வரை ஏறும். கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபர் முதலிய யூனிட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சர்க்கியூட்) பக்கம் இன்னொரு மேடு இருக்கும். 2.4 ஓம் பின்னால் நிற்கும்போது 4 ஓமுக்கும் 30 ஓமுக்கும் போய்ச் சேரும் வோல்ட்டேஜில் சுமார் 3.5 டெசிபல் வித்தியாசம். இம்பிடன்ஸில் மேடு எங்கெல்லாமோ, அங்கெல்லாம் சத்தமும் மேடு. பாஸ் மேடு கொழகொழப்பாகிறது. கிராஸ்ஓவர் மேடு குரலைத் துருத்துகிறது. போதாக்குறைக்கு, கோனை அடக்கிப் பிடிக்க வேண்டிய பிடிமானமும் தளர்ந்துவிடுகிறது.

காசில்லாத வைத்தியம் ஒன்று: ஸ்பீக்கர் கம்பியை ஆம்பின் 8 ஓம் டேப்பிலிருந்து (ஸ்பீக்கர் மாட்டும் முனை) 4 ஓம் டேப்புக்கு மாற்றுங்கள். வால்வு இப்போது 3000-க்குப் பதில் 6000 ஓமைப் பார்க்கும். அவுட்புட் இம்பிடன்ஸ் பாதியாகும், அந்த 3.5 டெசிபல் ஏற்ற இறக்கம் 2 டெசிபலுக்கு வந்துவிடும், டிஸ்டார்ஷனும் குறையும். விலை, 8 வாட் 5 சொச்சமாவது. 98 டெசிபல் ஸ்பீக்கரில் அந்த இழப்பு காதுக்குத் தெரியாது. 'லேபிளில் உள்ள ஓமில்தான் மாட்ட வேண்டும்' என்பது வேதவாக்கல்ல.

அதற்குப் பிறகும் பாஸ் தளர்வாக இருந்தால், பெட்டியின் போர்ட் துளையில் ஸ்பாஞ்சைத் தளர்வாகச் செருகிப் பாருங்கள். பாதி அடைத்துக் கேளுங்கள், பிறகு முழுவதும் அடைத்துக் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் அந்த ஸ்பீக்கர் இந்த ஆம்புக்குப் பிறந்ததல்ல.

கேள்வி: 2ஏ3-க்கு பிரீஆம்ப் தேவையா?

ஆம்புக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் அந்தப் பெட்டி பெரும்பாலும் வேண்டாம். 2ஏ3-யின் பயாஸ் (சிக்னல் நுழையும் கிரிட் முனைக்கு நிலையாகக் கொடுக்கும் வோல்ட்டேஜ்) -45 வோல்ட். முழு வாட் வாங்க கிரிட்டில் 45 வோல்ட் உச்சம் வேண்டும். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட், உச்சத்தில் 2.83. பதினாறு மடங்கு பெருக்கினால் போதும். 2ஏ3-க்கு முன்னால் நிற்கும் இரட்டை வால்வான 6எஸ்என்7-இன் ஒரு பாதி ஏறத்தாழ பதினைந்து மடங்கு தரும், மயிரிழையில் சமாளிக்கும். இரண்டு பாதியையும் தொடராகப் போட்டால் இருநூறு மடங்கு. அப்போது வால்யூம் குமிழ் தொடக்கத்திலேயே நின்றுவிடும், 100 டெசிபல் ஸ்பீக்கரில் இரைச்சல் 'உஸ்' என்று கேட்கும். அதன் மேல் பிரீஆம்ப் வேறா?

கேள்வி: நானே கட்டிய 2ஏ3 ஆம்ப், 101 டெசிபல் ஹார்ன். பாட்டில்லாத நேரத்தில் மூன்று மீட்டர் தள்ளியும் ஹம் (மின்சார ரீங்காரம்) கேட்கிறது. எங்கே தொடங்குவது?

உள்ளீட்டில் தொடங்குங்கள். உள்ளீட்டு சாக்கெட்டின் நடு முள்ளையும் வெளி வளையத்தையும் ஷார்ட் செய்யும் பிளக்கைச் செருகுங்கள். ஹம் போய்விட்டால் ஆம்ப் நிரபராதி, கருவிகளுக்கு நடுவே எர்த் வளையம் (ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வருவது) இருக்கிறது. போகவில்லை என்றால் அது எந்த ஹம் என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், ஆழமாக 'உம்ம்' என்றால் 50, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே கரகரத்தால் 100. போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

100 என்றால் முதல் சந்தேகம் பவர் சப்ளை. 40 மைக்ரோஃபாரட், பிறகு 10 ஹென்றி சோக் (இரும்பு மேல் சுற்றிய கம்பிச்சுருள்), பிறகு 100 மைக்ரோஃபாரட் என்று அடுக்கினால், சோக்கும் கடைசிக் கண்டன்சரும் சேர்ந்து 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளை (டிசியில் மிஞ்சும் ஏசி அலை) கிட்டத்தட்ட 390-இல் ஒரு பங்காக்கும். ஹம் குறையட்டும் என்று முதல் கண்டன்சரைப் பெரிதாக்குவது பலர் செய்யும் தப்பு. ஏசியை டிசியாக்கும் 5யு4ஜிபி ரெக்டிஃபயர் வால்வு தாங்குவது 40 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் போட்டால் ஆன் செய்யும்போது உள்ளே பொறி பறக்கும். பெரிதாக்குவதானால் சோக்குக்குப் பின்னால் உள்ளதைப் பெரிதாக்குங்கள்.

50 என்றால் இரண்டு இடம். ஒன்று ஃபிலமென்ட். 2ஏ3-யில் சூடேறும் கம்பியான ஃபிலமென்ட்டே கேத்தோடு (எலக்ட்ரானை உமிழும் முனை), அதற்கு 2.5 வோல்ட் ஏசி கொடுக்கிறோம். ஃபிலமென்ட்டின் இரு முனைக்கும் குறுக்கே 100 ஓம் பாட் (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்), அதன் நடுக்கால் கேத்தோடு ரெசிஸ்டருக்கு. இன்சுலேட்டட் ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஹம் சட்டென்று அமுங்கும், தாண்டினால் மறுபடி ஏறும். அமுங்கிய இடத்தில் மிஞ்சும் மெல்லிய சத்தம் 100 ஹெர்ட்ஸ். அதுவும் ஃபிலமென்ட்டிலிருந்து வருவதுதான், பவர் சப்ளையைத் திட்டாதீர்கள். இரண்டு சேனலுக்கும் ஒரே ஃபிலமென்ட் சுற்றைக் கொடுத்திருந்தால் இரு கேத்தோடும் ஒன்றாகிவிடும், தனித்தனி பயாஸ் நடக்காது. ஒவ்வொரு வால்வுக்கும் தனிச் சுற்று கட்டாயம். 300பி-க்கு 5 வோல்ட். அதற்கு டிசி கொடுத்துவிடுவதே மேல்.

இன்னோர் இடம், பவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் புகுவது. சேசிஸில் துளை போடுவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். பவர் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அதன் மற்ற முனைகளையெல்லாம் டேப் சுற்றி மூடி, எங்கும் இணைக்காத அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் முனையில் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். அதை மேசை மேல் நகர்த்தித் திருப்ப, ஒரு கோணத்தில் ஹம் மறையும். பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அங்கேதான் துளை.

எப்போது நிறுத்துவது? ஸ்பீக்கர் முனையில் ஏசி மில்லிவோல்ட் அளவில் மீட்டரை வையுங்கள். 100 டெசிபல் வகைக்கு 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்தால் விட்டுவிடலாம்.

கேள்வி: பழைய புஷ்-புல் ஆம்பில் கழற்றிய அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டு சும்மா கிடக்கின்றன. ஆகுமா?

ஆகாது. புஷ்-புல்லில் இரு வால்வின் டிசியும் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிங்கிள் எண்டடில் 60 மில்லி ஆம்பியர் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இடைவெளியில்லாத இரும்பு அதிலேயே காந்தத்தால் நிறைந்துவிடும். பாஸ் முதலில் சாகும். இதற்கென்று செய்வதில் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்காமல், ஈ வடிவத் தகடுகளை ஒரு பக்கமும் ஐ வடிவத் தகடுகளை மறு பக்கமும் வைத்து, நடுவே மெல்லிய காகிதம் செருகியிருப்பார்கள்.

புதிதாக வாங்கும்போது 'எத்தனை ஹென்றி' என்று கேட்டு நிறுத்தாதீர்கள், 'எத்தனை மில்லி ஆம்பியர் டிசி ஓடும்போது' என்றும் கேளுங்கள். 300பி-க்கு 60 மில்லி ஆம்பியர் ஓடும்போது 15 ஹென்றி இருந்தால் நல்லது. டிசி சொல்லாமல் 40 ஹென்றி என்று ஒருவர் சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

கேள்வி: வலது 2ஏ3-யின் பிளேட் அரை மணி நேரத்தில் செக்கச்செவேல் என்று ஆகிறது. இடது சரியாக இருக்கிறது.

உடனே அணையுங்கள். கை வைக்குமுன் கண்டன்சர்களை 4.7 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக ஐந்தாறு விநாடி காலி செய்து, மீட்டரில் வோல்ட்டேஜ் இல்லை என்று பார்த்த பிறகே தொடுங்கள்.

2ஏ3 தாங்குவது 15 வாட். வழக்கமான 250 வோல்ட், 60 மில்லி ஆம்பியரே சரியாக 15 வாட். விளிம்பில் நிற்கும் வால்வு இது. கேத்தோடு ரெசிஸ்டர் 750 ஓம் என்றால் அதன் மேல் 45 வோல்ட் இருக்க வேண்டும். 60 காட்டினால் 80 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 295 வோல்ட் சப்ளையில் பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 235 வோல்ட், ஆக 18.8 வாட். சிவக்காமல் என்ன செய்யும்? மாறாகச் சைபரை ஒட்டிக் காட்டினால் அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள பைபாஸ் கண்டன்சர் ஷார்ட்.

60 போல் அதிகமாகக் காட்டினால் குற்றவாளி இருவரில் ஒருவர்: கசியும் கப்ளிங் கண்டன்சர் (முந்தைய வால்வின் டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு விடுவது) அல்லது உள்ளே காற்று புகுந்த வால்வு. கப்ளிங் கண்டன்சரின் கிரிட் பக்கக் காலை எடுத்துவிட்டு, அதில் மீட்டரை கிளிப்பால் மாட்டி, மறுமுனையை எர்த்தில் வைத்து ஆன் செய்யுங்கள். முதலில் ஒரு துள்ளு துள்ளும். சில விநாடி பொறுங்கள். சைபருக்கு இறங்காமல் நின்றால் கண்டன்சர் போச்சு. வெறும் 20 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 9 வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். கண்டன்சர் சுத்தம், ஆனாலும் கிரிட் ரெசிஸ்டரில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் இருந்தால் வால்வை மாற்றுங்கள்.

இதே சர்க்கியூட்டில் பின்னால் 300பி போடும் எண்ணமிருந்தால் ஃபிலமென்ட்டும் பயாஸும் மட்டும் மாற்றினால் போதாது. கேத்தோடு பயாஸில் 2ஏ3-க்கு கிரிட் ரெசிஸ்டர் 500 கிலோ ஓம் வரை போகலாம்; 300பி-க்கு 250-ஐத் தாண்டக்கூடாது.

கேள்வி: 8 அங்குல ஃபுல்ரேஞ்ச் (எல்லா ஒலியையும் ஒரே யூனிட் தருவது), 96 டெசிபல், புத்தக அலமாரிக்குள் அடங்கும் பெட்டி, 30 ஹெர்ட்ஸ் பாஸ். முடியுமா?

முடியாது. எஃபிஷியன்சி (வாட்டுக்குக் கிடைக்கும் சத்தம்), சின்னப் பெட்டி, ஆழ்ந்த பாஸ் மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஹாஃப்மன் இரும்பு விதி என்று இதைச் சொல்வார்கள். 96-ஐ விட மனமில்லை என்றால் பெரிய பெட்டிக்கோ பேக் லோடட் ஹார்னுக்கோ (கோனின் பின்பக்க ஒலியை ஹார்ன் வழியே விடும் பெட்டி) இடம் ஒதுக்குங்கள், அல்லது தனி ஆம்புள்ள சப்வூஃபரிடம் கீழ்ப்பகுதியை ஒப்படையுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்தால் கெடுமா?

சும்மா ஆன் செய்தால் உடனே கெடாது. அந்த நிலையில் பாட்டு போட்டால் கெடும். லோடு இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (வால்வு பக்கச் சுற்றில்) வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறி இன்சுலேஷனைத் துளைக்கும். பென்டோடு வகை வால்வில் ஆபத்து அதிகம், 300பி, 2ஏ3 போன்ற ட்ரையோடில் குறைவு. கம்பி எப்போதாவது கழன்றுவிடும் என்று பயமிருந்தால், ஸ்பீக்கர் முனைக்குக் குறுக்கே 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சால்டர் செய்துவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அது இருப்பதே தெரியாது.