கலியாணப் படங்களில் நிறம் கெட்டுப்போவது கமராவின் குற்றமா?

"தங்கையின் திருமணத்தைப் புதிய கமராவில் நானே எடுத்தேன். கூறைச் சேலை நெசவே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கிறது. முகங்கள் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். இதைவிட விலை கூடிய கமரா வாங்க வேண்டுமா? தொழிலாகப் படம் எடுப்பவர்கள் ஒளியையும் நிறத்தையும் எப்படிக் கையாள்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். காசைப் பத்திரமாக வைத்திருங்கள். கொழும்பில் இருபத்திரண்டு வருடமாகக் கலியாணமும் சாமத்தியச் சடங்கும் கோயில் திருவிழாவும் எடுத்துச் சோறு சாப்பிடுகிறவன் நான். உங்கள் படங்களில் முகத்தைக் கெடுத்தவை, மண்டபத்துக்குள் ஒன்றோடொன்று சண்டைபிடித்த நாலைந்து வெளிச்சங்கள். சேலையின் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் தொழில் பழகியது கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய ஸ்டூடியோவில். முதலாளி பிலிம் காலத்து மனிதர். கலியாண வீட்டுக்குள் நுழைந்ததும் மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்ப்பார். எனக்கு அது விசித்திரமாக இருக்கும். காரணம் விளங்கியது நான் தனியாகப் போன முதல் வேலையில். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு, அறை முழுவதும் கிளிப்பச்சை வர்ணம். மணப்பெண்ணை யன்னலருகே நிறுத்தி, நல்ல வெளிச்சம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஒரு பிலிம் சுருளையே முடித்தேன். கழுவி அச்சிட்டு வந்தபோது பிள்ளையின் ஒரு கன்னம் பாசி பிடித்ததுபோல இருந்தது. யன்னலால் வந்த வெயில் எதிர்ச்சுவரில் பட்டு, சுவரின் பச்சையையும் சுமந்துகொண்டு முகத்துக்குத் திரும்பியிருக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சுவரும் ஒரு விளக்குத்தான். தரையும் அப்படித்தான். பக்கத்தில் ஒட்டி நிற்கும் மாமியின் மஞ்சள் பட்டும் அப்படித்தான்.

புறக்கோட்டையில் நடைபாதைக் கடைகளுக்கு மேல் நீலத் தறப்பாள் கட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே நிற்பவரின் முகம் நோயாளியின் முகம்போல வரும். கணினியில் திருத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். நீலத் தறப்பாளுக்குள்ளால் வடிந்து வரும் ஒளியில் சிவப்பு மிகவும் சொற்பம், வராத சிவப்பைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரியாகக் கொண்டுவர முடியாது. கடைக்காரரைத் தறப்பாளின் விளிம்புவரை இரண்டு அடி முன்னே வரச் சொல்வதுதான் வைத்தியம்.

இனி உங்கள் மண்டபத்துக்கு வருவோம். ஒவ்வொரு ஒளிக்கும் ஒரு நிறம் உண்டு. நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதைச் சமாளித்துக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. குத்துவிளக்குச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு), பழைய குண்டு பல்ப் 2700 முதல் 3000 வரை, நண்பகல் வெயிலும் ஃபிளாஷும் 5500 அளவில், திறந்த வானத்துக்குக் கீழான நிழல் 7000 அல்லது அதற்கும் மேல். எண் ஏற ஏற நீலம் ஏறும். கமராவில் வைட் பாலன்ஸ் என்று ஒன்று இருக்கிறதல்லவா, வெள்ளையை வெள்ளையாகக் காட்டவைக்கும் அது, முழுப் படத்துக்கும் ஒரேயொரு திருத்தம். கூரையில் மஞ்சள் பல்ப், பக்கவாட்டில் யன்னல், முன்னால் உங்கள் ஃபிளாஷ் என்று மூன்று இருந்தால் அது ஒன்றைத் திருப்திப்படுத்தும், மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும். அந்தக் கோபம்தான் உங்கள் தங்கையின் முகத்தில் மஞ்சளாகவும் நீலமாகவும் இருக்கிறது.

ஆகவே நான் செய்வது ஒன்றுதான்: ஒரு வெளிச்சத்தை எசமானாகத் தெரிவுசெய்கிறேன், மற்றவற்றை அணைக்கிறேன், அல்லது அதன் நிறத்துக்கு மாற்றுகிறேன். பகலில் வீட்டில் எடுத்தால் அறை விளக்குகளை எல்லாம் நிறுத்திவிட்டு யன்னலை மட்டும் நம்புவேன். வீட்டுக்காரர் ஓடிவந்து, "தம்பி, இருட்டாக இருக்கிறதே" என்று திரும்பவும் போடுவார். நான் திரும்பவும் நிறுத்துவேன். மண்டபத்தில் விளக்குகளுக்குப் பொறுப்பான பையனோடு முதலிலேயே சிநேகம் பிடித்துக்கொள்வேன். ஒரு பிளேன்ரீ போதும். தாலி கட்டும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மணவறைமேல் ஆடும் ஊதாவையும் நீலத்தையும் அணைத்துவிடுவான். மஞ்சள் விளக்குகள்தான் எசமான் என்றால் என் ஃபிளாஷின் முகத்தில் செம்மஞ்சள் ஜெல் தாளை (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டி அதையும் மஞ்சளாக்கிவிடுவேன். பிறகு வைட் பாலன்ஸை 3200 அளவில் வைத்தால் எல்லாம் ஒரே குரலில் பேசும். தானியங்கி வைட் பாலன்ஸை மட்டும் நம்பாதீர்கள். சிவப்புச் சேலை படச்சட்டத்தை நிறைக்கும்போது ஒன்றும், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி நிறைக்கும்போது இன்னொன்றும் சொல்லும். அல்பத்தில் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டு வெவ்வேறு கலியாணங்கள்போல இருக்கும்.

எல்ஈடி விளக்குகளில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை விநாடியில் 1/500 பங்காக வைத்தால் படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழும், சிலவேளை நிறமும் படத்துக்குப் படம் மாறும். 1/100 அல்லது 1/50க்கு இறங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஓமத்தீ மட்டும் விதிவிலக்கு. அதைத் திருத்தி வெள்ளையாக்கினால் எரிவாயு அடுப்புப்போல ஆகிவிடும், ஆகவே அந்த மஞ்சளை விட்டுவிடுங்கள். புகைக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கவும் வேண்டாம், படம் முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகும். வெளிச்சம் புகைக்குப் பின்னால் இருந்து வரட்டும், அப்போதுதான் சுருள் சுருளாகத் தெரியும்.

சரி, கூறை. சிவப்புப் பட்டு டிஜிட்டல் கமராவுக்குப் பெரிய சோதனை. அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சையும் நீலமும் மிகக் குறைவு, பாரம் முழுவதும் சிவப்பு அலைவரிசையில், அதாவது கமரா சிவப்பைப் பதியும் பகுதியில் விழுகிறது. மண்டபத்து மஞ்சள் பல்புகள் அதற்குமேல் இன்னும் சிவப்பை ஊற்றுகின்றன. அலைவரிசை நிரம்பி வழிந்ததும் மடிப்புக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. இது ஏன் உங்களுக்கு அப்போதே தெரியவில்லை என்றால், பின்திரையில் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் மலைபோன்ற வரைபடம்) பெரும்பாலும் மொத்தப் பிரகாசத்தின் கணக்கு, அந்தக் கணக்கில் பச்சைக்குத்தான் பெரிய பங்கு. சிவப்பு தலைக்குமேல் வெள்ளமாகப் போனாலும் அது "எல்லாம் சுகம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். மெனுவுக்குள் போய் மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை எடுத்துப் போடுங்கள். சிவப்பு மலை வலது சுவரில் மோதினால் வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டொப், தேவையானால் ஒரு ஸ்டொப் குறையுங்கள் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நிறங்களை எடுப்பாகக் காட்டும் பாணியில் கமரா இருந்தால் அதை நடுநிலைக்கு மாற்றுங்கள். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் றோ கோப்பில் எடுங்கள்.

கொஞ்சம் உள்ளே போனால் இன்னொரு காரணமும் உண்டு. கொடாக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கமராக்களில் ஒளியைப் பதியும் உணரி பின்பற்றுகிறது. அதில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா கால்வாசி. எனவே தனிச் சிவப்புத் துணியின் இழையைக் காட்ட உழைப்பது நாலில் ஒரு பங்குப் புள்ளிகள்தான். நெசவு தெரிய வேண்டுமானால் பக்கவாட்டு வெளிச்சம் கட்டாயம். நேரே முகத்தில் அடிக்கும் ஃபிளாஷ் இழைகளின் சிறு நிழல்களைத் துடைத்துவிடும்.

தாலிக்கொடிக்கும் இதே புத்திதான். தங்கம் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி, சுற்றி இருப்பதைத் தன் நிறம் பூசித் திருப்பிக் காட்டும். ஃபிளாஷை நேரே அடித்தால் ஒரு வெள்ளைப் பொட்டும் மீதி கருமையும்தான் மிஞ்சும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் அத்தனை விளக்கு ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? நகையின் ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு விளக்கைப் பிடித்து மின்னத்தான். மினுக்கம் போதாது, நிறமும் வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளை முழுவதும் தங்கத்தில் விழுந்து, பவுன் பவுனாகத் தெரியும்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன். கொடாக் அச்சகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைத் தோல் கொண்ட பெண்களே இருந்தார்கள், அந்த அட்டைக்கு ஷேர்லி என்றே பெயர். உலகம் முழுவதும் அச்சு இயந்திரங்களை அந்தத் தோலுக்குச் சரிபார்த்தார்கள். வெவ்வேறு தோல் நிறங்களோடு அட்டை வந்தது 1990களில்தான். அட்டை போய்விட்டது, புத்தி போகவில்லை. "தம்பி, பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கிவிடுங்கோ" என்று கேட்காத தாய்மாரை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். முகத்தை வெளுத்தால் கழுத்து அப்படியே நிற்கும். கழுத்தையும் வெளுத்தால் தாலியின் மஞ்சள் போய்விடும். அதோடு பிள்ளையும் வேறு யாரோவாகிவிடும். நான் செய்வதில்லை. இதனால் இரண்டு மூன்று வேலைகள் கைவிட்டுப் போயின, போகட்டும்.

மாநிறமோ கருநிறமோ, அதற்கு வேண்டியது பெரிய வெளிச்சம். கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. பரந்த யன்னலைப் பக்கவாட்டில் வைத்தால் கன்னத்தில் அது நீளமாக, மென்மையாக விழுந்து முகத்தைச் செதுக்கிக் காட்டும். சிறிய ஃபிளாஷ் என்றால் அதே இடத்தில் எண்ணெய்ப் பொட்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் சேரும், கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். மேலும் மேலும் பவுடர் பூசினால் ஃபிளாஷில் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும். ஒளி அளவீட்டை முகத்தில் எடுங்கள். கமரா பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நம்புகிற பிராணி. வெள்ளை வேட்டி கட்டிய பத்துப் பேர் நின்றால் அத்தனையையும் சாம்பலாக்க முயன்று முகங்களை இருட்டிவிடும். அங்கே முக்கால் ஸ்டொப் கூட்ட வேண்டும்.

வெளியே எடுப்பதானால் வெளிநாட்டுக் காணொளிகள் சொல்லும் நேரக் கணக்கை மறந்துவிடுங்கள். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள் தெரியும். மற்ற மாதங்களிலும் பெரிய சலுகை இல்லை. காலை எட்டரைக்குப் பிறகு நான் ஆட்களை வெயிலில் நிறுத்துவதில்லை. வாசல், விறாந்தை, மரநிழலின் விளிம்பு, இவைதான் என் ஸ்டூடியோ.

மாலையில் காலிமுகத்திடலுக்கு எல்லாரும் ஆசைப்படுவார்கள். ஆனால் இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. நல்ல மஞ்சள் வெளிச்சம் அரைமணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டு. ஆறு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் காலி வீதி நெரிசலில் மாட்டிக்கொண்ட தம்பதிகளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது இருட்டுத்தான். ஐந்து மணிக்கே வரச் சொல்லுங்கள். கடலைப் பின்னால் வைத்து எடுக்கும்போது ஃபிளாஷை அப்படியே அடித்தால் முகம் மட்டும் பகல் பன்னிரண்டு மணியில் வெட்டி ஒட்டியதுபோல வெள்ளையாக நிற்கும். அதே செம்மஞ்சள் ஜெல், ஆனால் இலேசானது, அங்கேயும் உதவும்.

நிறம் வேண்டுமென்றால் மழை விட்டதும் கிளம்புங்கள். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசலை ஒரு நாள் உச்சி வெயிலிலும் ஒரு நாள் மழைக்குப் பிறகு மேகத்துக்குக் கீழும் எடுத்துப் பாருங்கள், இரண்டு கட்டடங்கள் என்றே சொல்வீர்கள். ஈரம் மேற்பரப்பின் வெளுத்த சிதறலைக் குறைத்து உள்நிறத்தை வெளியே விடுகிறது. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே போகும்போது மட்டும் கமராவைப் பைக்குள் மூடி ஒரு கால் மணி நேரம் பொறுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துப் படம் முழுவதும் பனிமூட்டமாகும்.

கடைசியில் திரை. ஒரு முறை இரவிரவாக ஒரு அல்பம் முழுவதையும் திருத்தினேன். மடிக்கணினியில் கண்ணுக்கு இதமாக மஞ்சள் கூட்டும் இரவு முறை தானாகவே இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. திரை மஞ்சளாகத் தெரியத் தெரிய நான் நீலத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். அச்சாகி வந்த அல்பத்தில் கலியாணம் ஆழ்கடலுக்குள் நடந்தது. என் செலவில் மீண்டும் அச்சிட்டேன். உங்கள் கணினியில் அது இருந்தால் முதலில் நிறுத்துங்கள்.

எடுத்துவிட்ட படங்களுக்கு வருகிறேன். றோ கோப்புகள் இருந்தால் வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் இறக்கிச் சிவப்பின் செறிவையும் குறைத்துப் பாருங்கள், மடிப்புகள் ஓரளவு திரும்பி வரும். முகங்களில் மஞ்சள் பக்கத்தையும் நீலப் பக்கத்தையும் தனித்தனியே தெரிவுசெய்து திருத்த வேண்டியிருக்கும், பொறுமையான வேலை. கமராவே சுருக்கிச் சேமித்த ஜேபெக் மட்டும்தான் என்றால் சேலை போனது போனதுதான். ஆனால் கூறை அலுமாரியில்தானே இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குத் தங்கையை அதை உடுத்திக்கொண்டு யன்னலருகே வந்து நிற்கச் சொல்லுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். யாராவது வந்து போட்டால் திரும்பவும் அணையுங்கள்.