அம்மப்பாவுக்குப் பேரனின் இரத்தமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். இளையவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த திரவவிழையத்தை (பிளாஸ்மா, இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றினால் முதுமை விலகும், அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள் என்ற விளம்பரத்தை நம்பி, 71 வயதான என் அப்பா ஒரு தனியார் நிலையத்தில் 3 லட்சம் ரூபாய் முற்பணம் கட்டிவிட்டார். இரத்தம் எடுக்க என் 17 வயது மகனைக் கூட்டிவரச் சொல்கிறார்கள். பணத்தை மீட்க முடியுமா?

பதில்: பணம் இருக்கட்டும், முதலில் மகனை அனுப்பாதீர்கள். இலங்கைக் குருதி வங்கிகள் 18 வயது நிரம்பாதவரிடம் குருதிக்கொடை பெறுவதில்லை. அவனுக்கு எந்த நன்மையும் தராத காரியத்துக்கு நீங்களே சம்மதக் கையொப்பம் இட்டாலும் அது அந்த நிலையத்தைக் காப்பாற்றாது என்பது என் கருத்து.

அடுத்து, அந்த 'நிரூபணம்'. 2005இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் இளம் சுண்டெலியையும் முதிய சுண்டெலியையும் இரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்துத் தைத்தார்கள். முதியதன் தசைக்காயம் நன்றாகத் தேறியது. பலன் கண்டது சுண்டெலி. கலிபோர்னியாவில் அம்புரோசியா என்ற நிறுவனம் ஒரு லீற்றர் திரவவிழையத்தை 8,000 டொலருக்கு மனிதருக்கு ஏற்றியது. 2019 பெப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், முதுமைக்கு இதனால் பலன் நிரூபிக்கப்படவில்லை, ஒவ்வாமையும் நுரையீரல் பாதிப்பும் வரலாம் என எச்சரித்ததும் அந்த நிறுவனம் சிகிச்சையை நிறுத்தியது.

உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சிகிச்சை பலிக்காமல் போவது மோசடி ஆகாது. நிரூபிக்கப்படாததை நிரூபிக்கப்பட்டது என்று தெரிந்தே சொல்லிப் பணம் வாங்கினால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதலுக்குள் வரும். ஆகவே விளம்பரம், பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். விளம்பரத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள்; இப்படிப்பட்டவை ஒரே இரவில் காணாமல் போகும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதக் கெடு உண்டு. பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. அந்த நிலையத்தில் வைத்தியர் எவரேனும் இருந்தால் இலங்கை மருத்துவச் சபைக்கும் எழுதுங்கள்.

சிக்கல் ஒன்று: ஒப்பந்தம் செய்தவர் அப்பா. பணத்தைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கைக் கடிதம் அவர் பெயரில் போக வேண்டும். அவர் இன்னும் அந்த நிலையத்தை நம்பிக்கொண்டிருந்தால், குடும்ப வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். சட்டத்தரணி சொல்வதைவிட வைத்தியர் சொன்னால் அப்பா கேட்பார். அப்பா கையொப்பமிட்டதும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, 14 நாள் அவகாசம் கொடுங்கள்.