தண்டுவடத்தில் இரத்தம் தடைபடும்போது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் தம்பி மாடியிலிருந்து விழுந்ததில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அன்று கால்விரல்களை அசைத்தவன் மறுநாள் அசைக்கவில்லை. மருத்துவர்களோ ஒரு வாரம் அவனுடைய இரத்த அழுத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் பட்ட அடிக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? நாங்கள் தூக்கிச் சென்றதில்தான் பிழையோ என்று அம்மா அழுகிறார்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடிபட்ட கணத்தில் அறுபடும் நரம்பிழைகளோடு தண்டுவடத்தின் சேதம் முடிந்துவிடுவதில்லை. 1911இல் ஆல்ஃபிரட் ஆலன் என்ற மருத்துவர், அடிபட்ட நாய்களின் தண்டுவடத்துக்குள் தேங்கிய இரத்தத்தை அகற்றியபோது முடக்கம் குறைவதைக் கண்டார். அடிக்குப் பின்னும் உள்ளே அழிவு தொடர்கிறது என்ற புரிதல் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

தண்டுவடத்தின் முன்புற மூன்றில் இரண்டு பங்கும் ஒரே ஒரு தமனியை நம்பியிருக்கிறது. நடுவிலுள்ள சாம்பல் பகுதியில் நரம்புச் செல்களின் உடல்கள் செறிந்திருப்பதால் அங்கு ஆக்சிஜன் தேவை மிகுதி, நுண்குழாய்களும் அடர்த்தி. நசுங்கும்போது அந்த மெல்லிய குழாய்களே முதலில் கிழிகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத செல்லில் சில நிமிடங்களிலேயே ஆற்றல் தீர்ந்து, சோடியத்தை வெளியேற்றும் இயக்கம் நின்றுபோக, நீர் புகுந்து செல் வீங்குகிறது. அது கட்டின்றிக் கொட்டும், நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளுட்டமேட் பக்கத்துச் செல்களுக்குள் கால்சியத்தைப் பாயவைக்க, அடியே படாத செல்லும் உள்ளிருந்து சிதைகிறது. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைப் பேணும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் என்ற செல்கள் இதற்கு எளிதில் இரையாகி வாரக்கணக்கில் மடிவதால், அறுபடாத நரம்பிழைகளும் உறையிழந்து செய்தி கடத்த முடியாமல் போகின்றன. இந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்கு மிகுந்த வேதனை தருவது. கசிந்த இரத்தமும் வீக்கமும் மிஞ்சிய குழாய்களையும் நெரிக்கின்றன.

இப்போது இரத்த அழுத்தத்துக்கு வருவோம். நலமான தண்டுவடம், அழுத்தம் ஏறி இறங்கினாலும் தனக்கு வரும் இரத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். அடிபட்டதும் அத்திறனை இழக்கிறது. கழுத்தில் அடிபட்டால், குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புக் கட்டளைகளும் தடைபட்டு அழுத்தமே சரிந்துவிடும். அதனால்தான் சராசரித் தமனி அழுத்தத்தை, அதாவது ஓர் இதயத் துடிப்பு முழுவதற்குமான சராசரி இரத்த அழுத்தத்தை, 85 முதல் 90 மி.மீ. பாதரச அளவில் ஒரு வாரம் வரை தாங்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டானது. உங்கள் மருத்துவர்கள் தண்டுவடத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

தூக்கிச் சென்ற விதம் பற்றி இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் யார் கையும் படாமலே மறுநாள் இப்படிச் சரிவு ஏற்படக்கூடும் என்பதை அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். முதல் நாள் விரல்கள் அசைந்ததை மருத்துவரிடம் நேரத்தோடு குறிப்பிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே சொல்லுங்கள். அன்று சில நரம்பிழைகளேனும் அறுபடாமல் இருந்தன என்பதற்கு அதுவே சான்று.

அன்புடன்